ஆள் புழங்கும் வீடு

செங்கம் ரோட்டுப் பக்கம் எங்கள் வீட்டை ஒட்டிக் கிடந்த மனையில் 1981-ல் இன்னொரு சின்ன வீடு கட்டினேன். எல்லாம் மகள் உண்ணாமலைக்காகத்தான். கல்யாணமானாலும் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும் என்பது என் மனைவி ராணியம்மாளின் ஆசை. மாப்பிள்ளையும் நன்றாகத்தான் தலையாட்டினார். அடித்த சுண்ணாம்பு காய்வதற்குள் அவருக்குப் பிலாய்க்கு மாற்றல் வந்தது. இரண்டு பேரும் ரயிலேறிவிட்டார்கள்.

அதன்பிறகு ராணி அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள். பூட்டின கதவைப் பார்த்தாலே கண் கலங்கிவிடும். கடைசியில் அவளே சொன்னாள்.

"யாருக்காவது வாடகைக்கு விட்டுடுங்க. தீபத்தன்னிக்கு ஊரே விளக்கு ஏத்தும். நம்ம பொண்ணுக்குன்னு கட்டின வீடு மட்டும் இருட்டாக் கெடந்தா என்னால தாங்க முடியாதுங்க."

ஐப்பசி முழுக்க ஆட்கள் வந்தார்கள். "இதுவரைக்கும் யாரும் குடியிருக்கலையா?" என்று கேட்பார்கள். இல்லை என்றதும் முகம் மாறிவிடும். யாரும் வாழ்ந்து பார்க்காத வீட்டின் ராசியை முதல் ஆளாகப் போய்ச் சோதித்துப் பார்க்க ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை.

வீட்டுத் தரகர் சடையன்தான் வழி சொன்னார். "வெறும் செவுத்தக் காட்டுனா எவன் சார் வருவான்? ஆள் பொழங்குற வீடு மாதிரி இருக்கணும். நாலு சாமான் கொண்டாந்து போடுங்க."

நாலு சாமான் என்றால் ராணிக்கு நானூறு. முதலில் கட்டில் போனது. பிறகு நாற்காலிகள், தையல் மிஷின், சாமி படங்கள், ரேடியோ. ஜன்னலுக்குத் தன் பழைய பட்டுப்புடவையைத் திரையாகத் தைத்துப் போட்டாள். கொடியில் கிடந்த என் வேட்டியைக்கூட விட்டுவைக்கவில்லை. நான் வெறும் பாயில் படுத்துக்கொண்டு, செய்தி கேட்க அந்த வீட்டுக்குப் போய்வந்தேன்.

"போய்க் கேளுங்க. ஆனா நாற்காலிய நகத்தாதீங்க, அழகு கெட்டுடும்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அவள் முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. அதற்காக எத்தனை நாள் வேண்டுமானாலும் தரையில் படுக்கலாம்.

கார்த்திகை பிறந்ததும் கீழ்பென்னாத்தூரிலிருந்து முருகையன் என்று ஒருவர் வந்தார். மின்வாரியத்தில் வேலை. கூட அவர் மனைவி ஜோதியம்மாள், நிறை கர்ப்பிணி. அவர்கள் வருவது தெரிந்து ராணி அந்த வீட்டில் ஊதுவத்தி ஏற்றி, ரேடியோவைப் பாட விட்டு, அடுப்பில் பால் வேறு வைத்திருந்தாள். இருவரும் சுற்றிப் பார்த்தார்கள். குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள்.

"வீடு நல்லாத்தான் இருக்குது சார். ஆனா வேணாம்" என்றார் முருகையன். "குடியிருக்கிறவங்கள கெளப்பிட்டு நாங்க வந்தா நல்லாவா இருக்கும்? பாவம், பால வச்சிட்டு எங்கியோ போயிருக்காங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ராணிக்கு அழுகையே வந்துவிட்டது. "ஐயோ, யாரும் இல்லம்மா! எல்லாம் எங்க சாமான்!"

அவர்கள் நம்பவில்லை. வேறு வழியில்லாமல் எங்கள் வீட்டுக்கு அழைத்துப்போனேன். "பாருங்க, உங்கள உக்காரச் சொல்ல ஒரு ஸ்டூல்கூட இல்ல. எல்லாத்தையும் அங்க கொண்டுபோய் வச்சிருக்கா."

ஜோதியம்மாள் கரி படிந்த அடுப்படிவரை போய்ப் பார்த்தாள். கூடத்துச் சுவரில் கரித்துண்டால் வரைந்த கோணல் தேர் ஒன்று இருந்தது. அதன் முன்னால் நின்றாள்.

"யாரும்மா கிறுக்கினது?"

"எம்பொண்ணுதான். நாலு வயசுல. வெள்ளையடிக்கறப்பல்லாம் அந்த எடத்த மட்டும் விட்டுடச் சொல்லுவேன்" என்றாள் ராணி.

ஜோதியம்மாளின் கை வயிற்றின்மேல் போனது. "அப்ப இது புள்ள வளந்த வீடு. இதுதான் காலியா இருக்குதேம்மா, இதையே எங்களுக்குக் குடுங்களேன்."

என்ன பேச்சு இது என்று சொல்ல வாயெடுத்தேன். ராணி முந்திக்கொண்டாள்.

"அந்தத் தேர அழிக்கக் கூடாது."

"அழிப்பேனாம்மா? பக்கத்துல எம்புள்ளையும் கிறுக்கட்டும்."

அவ்வளவுதான், பேசி முடிந்துவிட்டது. தூக்கிப் போக மிச்சமிருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

தீபத்தன்று மாலை மலையுச்சியில் ஜோதி தெரிந்ததும் தெருவெல்லாம் "அரோகரா" என்று குரல் எழுந்தது. பழைய வீட்டு வாசலில் ஜோதியம்மாள் அகல் வைத்தாள். மகள் வீட்டு வாசலில் ராணி வரிசையாக ஏற்றிக்கொண்டு வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"உண்ணாமலை வந்தா எங்கங்க படுப்பா? அவ வீட்டுலதான் நாம வந்து உக்காந்துட்டோமே."

"இங்கதான் படுப்பா. நாம ஓரமாப் படுத்துக்கலாம்."

"ஓரமா எதுக்கு? நடுவுல அவ, ரெண்டு பக்கமும் நாம. சின்னதுல படுத்தாளே, அப்படி."

மாப்பிள்ளையை எங்கே படுக்க வைப்பது என்று நான் கேட்கவில்லை.