வெள்ளரிக்காயும் இரண்டாம் நம்பர் லிஃப்டும்

விதைப் பொட்டலத்தின் பின்பக்கத்தில் "குழிக்கு இரண்டு விதை" என்று தெளிவாகத்தான் அச்சடித்திருந்தது. லிஃப்ட் மெக்கானிக் அதைப் படித்தார். ஆனால் நம்பவில்லை. இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். அட்டையில் போட்டிருப்பதுபோல எந்தச் சாமானும் நடந்துகொள்ளாது என்பது அவர் அனுபவம். அதனால் குழிக்கு ஆறு விதையாகப் போட்டுப் பொட்டலத்தைக் காலி செய்தார்.

அவருடைய மனைவி சலவைக்கடையில் இஸ்திரிப் பிரிவில் வேலை பார்த்தாள். புருஷன் கையால் ஒன்று முளைக்கும் என்று அவளுக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். மண் மண்ணாகவே இருந்தது. மெக்கானிக் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து, அவரிடம் மூச்சுக்காட்டாமல் இன்னொரு பொட்டலம் வாங்கி வந்து அதே குழிகளில் விதைத்துவிட்டாள்.

அத்தனையும் முளைத்தன.

கொல்லைப்புறத்து இடம் பன்னிரண்டு அடிக்கு எட்டு அடி. வெள்ளரிக்கொடிகள் முதலில் பந்தலில் ஏறின. பிறகு துணி காயப்போடும் கம்பியில் ஏறின. குளியலறை ஜன்னல் வழியாக ஒரு கொடி உள்ளே எட்டிப் பார்த்தபோது கல்லூரிக்குப் போகும் மகள் அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது.

முதல் காய்க்கு நடந்த உபசாரம் கொஞ்சநஞ்சமல்ல. மகள் அதைப் படம் பிடித்தாள். மெக்கானிக் தன் கையால் அதை மூன்று துண்டாக நறுக்கினார். மூவரும் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

"கடையில விக்கறதெல்லாம் காயா? இதுதான் காய்" என்றார் மெக்கானிக். மனைவியும் மறுக்கவில்லை. கல்யாணமான பத்தாவது வருடத்துக்குப் பிறகு அவள் அவர் பேச்சை மறுக்காமல் விட்டது அன்றுதான்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாளைக்கு நாற்பது காய் வந்தது. பறித்துவிட்டுத் திரும்பினால் இலைக்கு அடியில் இன்னும் நான்கு தொங்கிக்கொண்டு சிரித்தன. காலையில் வெள்ளரிக்காய் ஜூஸ். மத்தியானம் தயிரில் போட்ட வெள்ளரிக்காய். ராத்திரி வெள்ளரிக்காய் சூப். வீட்டிலிருந்த ஜாடி, பாட்டில் எல்லாவற்றிலும் வினிகரில் ஊறும் வெள்ளரிக்காய். கடைசியில் பல் துலக்கும் பிரஷ்களை வைக்கக்கூட டம்ளர் இல்லை.

"அப்பா, இனிமே இது என் வாய்க்குள்ள போகாது" என்றாள் மகள். "கண்ணு மேல வேணும்னா ரெண்டு துண்டு வச்சுக்கறேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

தெருவில் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் பை போனபோது எல்லாரும் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவது பைக்கு, "எதுக்கு உங்களுக்குச் சிரமம்?" என்றார்கள். மூன்றாவது பையோடு மெக்கானிக் தெருவில் இறங்கினால் ஜன்னல் திரைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. எதிர்வீட்டுக்காரர் மட்டும் அகப்பட்டுக்கொண்டார். அவரிடம் ஒரு பையைத் திணித்துவிட்டு மெக்கானிக் நிம்மதியாக வீடு திரும்பினார். மறுநாள் விடிந்ததும் வாசலில் அதே பை கிடந்தது. காய்களை எண்ணிப் பார்த்தார்கள். ஒன்றுகூடக் குறையவில்லை. எதிர்வீட்டுத் தோட்டத்துக் கத்தரிக்காய் எட்டு கூடியிருந்தது.

"போதும்" என்றாள் மனைவி. "நானும் கடையில எல்லார் துணிக்குள்ளயும் வச்சு அனுப்பிட்டேன். முதலாளி கூப்பிட்டு, இது சலவைக்கடையா காய்கறிக் கடையான்னு கேட்டுட்டார். நாளைக்கு நீங்க வேலைக்குப் போற இடத்துக்கு மூட்டையோட போங்க. காலி மூட்டையா இருந்தா வீட்டுக்குள்ள வாங்க. இல்லேன்னா அங்கயே இருங்க."

அப்போது மெக்கானிக்குக்கு ஒரு பதினோரு மாடி அலுவலகக் கட்டிடத்தில் வேலை. அங்கே இரண்டு லிஃப்ட். ஒன்றாம் நம்பர் லிஃப்டின் இரும்பு வடங்களை மாற்றி முடிக்க ஐந்து வாரமாவது ஆகும். மறுநாள் காலை அவர் கருவிப் பெட்டியையும் வெள்ளரிக்காய் மூட்டையையும் தூக்கிக்கொண்டு இரண்டாம் நம்பர் லிஃப்டில் ஏறினார். உள்ளே பதினோராம் மாடி மேலாளர் அம்மா நின்றிருந்தார். அந்த அம்மாவைக் கண்டால் அந்த மாடியில் நாற்காலிகூட நிமிர்ந்து உட்காரும் என்று பேச்சு. மூட்டையை ஒரு பார்வை பார்த்தார். மெக்கானிக் சற்று ஒதுங்கி நின்றார்.

ஐந்தாம் மாடியில், ஏதோ பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்திருந்த ஒரு பெரியவரும் அவர் மனைவியும் ஏறினார்கள். பெரியவர் கால் பட்டு மூட்டை சாய்ந்தது. வாய்க்கட்டு அவிழ்ந்து வெள்ளரிக்காய்கள் நாலாபுறமும் ஓடின. எல்லாரும் குனிந்து பொறுக்கினார்கள். மேலாளர் அம்மா மட்டும் குனியவில்லை. தன் செருப்புக்கு அருகில் வந்த ஒன்றை விரலால் சுட்டிக்காட்டினார்.

கதவு மூடியது. லிஃப்ட் கிளம்பியது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு குலுக்கலோடு நின்றுவிட்டது.

"பயப்படாதீங்க. நான்தான் மெக்கானிக்" என்றார் மெக்கானிக். பொத்தான்களை வரிசையாக அழுத்தினார். ஒன்றும் அசையவில்லை. கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன் போட்டார்.

"சார், ரெண்டாம் நம்பர் லிஃப்ட் நின்னுடுச்சு. ஆளுங்க மாட்டிக்கிட்டாங்க."

"அந்தக் கட்டிடத்துல நம்ம மெக்கானிக் இருக்காரே. அவரைப் பார்க்கச் சொல்லு."

"மெக்கானிக் நான்தான் சார்."

"அப்புறம் என்ன? போய்ப் பாரு."

"உள்ள இருக்கேன் சார்."

"எதுக்கு உள்ள?"

"மாட்டிக்கிட்டேன் சார்."

ஊருக்கு மறுகோடியில் இருக்கும் இன்னொரு மெக்கானிக்கை அனுப்புவதாகவும், அவர் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகுமென்றும் சொல்லிவிட்டுச் சூப்பர்வைசர் போனை வைத்தார். வைப்பதற்கு முன் அவர் சிரித்தது லிஃப்டில் இருந்த நால்வருக்கும் கேட்டது.

உள்ளே புழுக்கம் ஏறியது. கூரையில் மின்விசிறி ஒன்று இருந்தது. அது நான்கு மாதமாக ஓடவில்லை.

"இந்த ஃபேனைப் பத்தி நான் மூணு தடவை புகார் எழுதினேன்" என்றார் மேலாளர் அம்மா. "'அடுத்த முறை சரிசெய்யப்படும்'னு மூணு தடவையும் யாரோ கையெழுத்துப் போட்டிருந்தாங்க."

மெக்கானிக்குக்கு அந்தக் கையெழுத்து நன்றாகத் தெரியும். பேச்சை மாற்றுவதற்காக, லிஃப்ட் ஏன் நிற்கிறது என்று விளக்க ஆரம்பித்தார். மோட்டார் சூடாகியிருக்கலாம். கட்டுப்பாட்டுப் பெட்டியில் கோளாறு இருக்கலாம். பிரேக் சுருள் எரிந்திருக்கலாம். விரலை மடக்கி மடக்கி ஒன்பது காரணம் சொன்னார். பத்தாவதுக்கு வருவதற்குள் பெரியவர் முகம் வெளுத்துச் சுவரில் சாய்ந்தார்.

"தண்ணி இருக்கா?" என்று அவர் மனைவி பதறினார்.

யாரிடமும் தண்ணீர் இல்லை. மெக்கானிக் கருவிப் பெட்டியைத் திறந்து, பிரிக்காத புது பிளேடு ஒன்றை எடுத்தார். ஒரு வெள்ளரிக்காயைத் தோல் சீவி, நாலாகக் கீறிப் பெரியவரிடம் நீட்டினார். பெரியவர் மனைவி தன் பையிலிருந்து ஒரு சின்ன உப்புப் பொட்டலத்தை எடுத்தார். "இவருக்கு அடிக்கடி பிரஷர் இறங்கிடும். எப்பவும் கையில வச்சிருப்பேன்."

பெரியவர் ஒரு துண்டு கடித்தார். கண்ணைத் திறந்தார். இன்னொரு துண்டு கடித்தார். "எங்க வாங்கினது?" என்றார்.

"வீட்டுல காய்ச்சது" என்றார் மெக்கானிக். மூன்று வாரமாக யாரும் அவரை இந்தக் கேள்வி கேட்கவில்லை. உடனே இன்னொரு காயை எடுத்துத் தோல் சீவினார்.

அடுத்த காயைப் பெரியவர் மனைவி வாங்கிக்கொண்டார். மேலாளர் அம்மாவிடம் நீட்டியபோது, "எனக்கு வேண்டாம். பதினோரு மணிக்கு மீட்டிங்" என்றார். மீட்டிங்குக்கும் வெள்ளரிக்காய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியமில்லை. ஐந்து நிமிடம் கழித்து அவரே, "சின்னதா ஒண்ணு" என்றார். பத்து நிமிடம் கழித்துக் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்து, மூன்றாவது காயில் உப்புத் தடவிக்கொண்டிருந்தார். மெக்கானிக் சீவிக்கொண்டே இருந்தார். மூட்டை கண்ணுக்குத் தெரிய இளைத்தது.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். தோல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த பெரியவர் மனைவி கதவருகே நின்றார்.

"தம்பி, எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா இந்தக் கதவு இடுக்குல பச்சையா ஒண்ணு மாட்டிக்கிட்டிருக்கே, அது லிஃப்ட்டோட சாமானா, உங்க சாமானா?"

மெக்கானிக் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கதவு ஓடும் பள்ளத்தில் விரல் பருமனில் ஒரு பிஞ்சு வெள்ளரிக்காய் நசுங்கிக் கிடந்தது. கதவு மூடியதுபோலத்தான் இருந்தது. ஆனால் ஓட்டத்தின் அதிர்வில் பிஞ்சு நகர்ந்து அதை ஒரு மயிரிழை திறந்துவிட்டிருந்தது. கதவு முழுதாக மூடாவிட்டால் லிஃப்ட் ஓடாது. அவர் சொன்ன ஒன்பது காரணத்தில் இது இல்லை.

ஸ்க்ரூடிரைவரால் அதை நெம்பி எடுத்தார். 'டக்' என்று கதவு பொருந்தியது. லிஃப்ட் ஒன்றுமே நடக்காததுபோல மேலே ஏற ஆரம்பித்தது.

மற்ற மூவரும் அவர் கையிலிருந்த நசுங்கிய பிஞ்சைப் பார்த்தார்கள். அவருக்கு அசடு வழிந்தது.

"புகார்ப் புத்தகத்துல காரணம்னு என்ன எழுதறது?" என்று கேட்டார் மேலாளர் அம்மா.

"வெளிப்பொருள்னு எழுதலாம் மேடம்."

"வெளிப்பொருளா? மூணு என் வயித்துக்குள்ள இருக்கே."

பெரியவர்தான் முதலில் சிரித்தார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மேலாளர் அம்மா சிரிக்கவில்லை. பதினோராம் மாடியில் இறங்கி நான்கடி நடந்தவர் திரும்பி வந்தார்.

"எங்க மாடியில இருபது பேர் இருக்கோம். நாளைக்குக் கொண்டு வாங்க. ஆனா லிஃப்ட்ல இல்ல, படிக்கட்டுல. அந்த ஃபேன் இன்னிக்கே ஓடணும்."

ஃபேன் அன்றைக்கே ஓடியது. மறுநாளிலிருந்து மெக்கானிக் மூட்டையோடு படியேறினார். இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கினார். அங்கே நான்கு பேர் ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டு சுமையைக் குறைத்தார்கள். நான்காம் மாடியில் ஆறு பேர். மூன்றாவது நாள், எட்டாம் மாடியைத் தாண்டும்போது மூட்டை காலியாகிவிட்டது. நான்காவது நாள் காலை மேலாளர் அம்மா தரைத்தளத்துக்கே இறங்கி வந்து, முதல் படியில் இவருக்காகக் காத்திருந்தார்.

வீட்டில் நிலைமை தலைகீழானது. மெக்கானிக் வேலைக்குப் போகுமுன் காய்களை ஈரத்துணியால் துடைத்து அடுக்கினார். சூப்புக்கு ஒன்று எடுக்க வந்த மனைவியிடம், "அது ஆறாம் மாடிக்குச் சொன்னது, தொடாதே" என்றார். எதிர்வீட்டுக்காரர் விருந்தாளி வந்திருப்பதாகச் சொல்லி இரண்டு காய் கேட்டார். மெக்கானிக் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்.

ஒரு மாதம் ஓடியது. கொடிகள் மஞ்சளடித்தன. நாற்பது இருபதாகி, இருபது ஐந்தாகி, ஒரு திங்கட்கிழமை காலை பந்தலில் ஒன்றுமே இல்லை. மகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். மெக்கானிக் மட்டும் காலி மூட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வழக்கத்தைவிட அரைமணி முன்னதாகவே கிளம்பினார்.

மனைவிக்குச் சந்தேகம் தட்டியது. சலவைக்கடைக்குப் போகும் வழியில் காய்கறிச் சந்தைக்குள் எட்டிப் பார்த்தாள். மூன்றாவது கடையில் அவள் புருஷன் வெள்ளரிக்காய்க் குவியல் முன்னால் குந்தியிருந்தார்.

"கோணலா இருக்கறதாப் பார்த்துக் கொடுங்கம்மா" என்று அவர் கடைக்காரியிடம் தணிந்த குரலில் கெஞ்சிக்கொண்டிருந்தார். "வீட்டுல காய்ச்ச மாதிரி இருக்கணும்."

"எல்லாரும் நேரா இருக்கறதைக் கேப்பாங்க. நீங்க என்னங்க?" என்றாள் கடைக்காரி.

மனைவி பின்னால் போய் நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். கையில் இருந்த காயை மெல்லக் குவியலில் திருப்பி வைத்தார்.

"பதினோராம் மாடியில இருபது பேர்" என்றார். "அந்த அம்மா கீழேயே வந்து நிக்கும். எப்படிச் சொல்றது?"

அவளுக்கு வந்த சிரிப்பில் கடையின் கம்பத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் பொறுக்கி வைத்திருந்த காய்களை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது ரொம்ப நேரா இருக்கு. கண்டுபிடிச்சுடுவாங்க" என்று ஒன்றை ஒதுக்கினாள். "இந்தாங்க, இதை எடுங்க."