சலாலாவில் வாங்கிய கேரவன்

முப்பத்தோரு வருஷம் வளைகுடாவில் வண்டி ஓட்டினேன். சவூதியில் யான்புவில் தண்ணீர் டேங்கர், பிறகு டிரெய்லர், கடைசியில் துபாயில் ஒரு கம்பெனியின் ஆள் ஏற்றும் பஸ். நேப்பாளி, வங்காளி, பட்டாணி, நம் ஊர்க்காரன் என்று என் பின்னால் உட்கார்ந்து போனவர்களுக்குக் கணக்கே கிடையாது. என் பெண்டாட்டி நாகவள்ளி மட்டும் நான் ஓட்டிய வண்டியில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. லீவில் ஊருக்குப் போனால் நாங்கள் இருவரும் டவுன் பஸ்ஸில்தான் போவோம். ஊரில் ஒரு வண்டி வாங்கிப் போடலாம்தான். நான் இல்லாதபோது அதை எவன் எவன் ஓட்டிச் சீரழிப்பானோ என்று வாங்கவில்லை.

அவள் என் வண்டியில் ஏறாதது எனக்கு உறைக்கவே இல்லை. அவள் சொல்லித்தான் உறைத்தது. அப்போது அவள் துபாயில் அல் குசைஸில் எங்கள் மகன் அன்பரசனின் ஃபிளாட்டில் படுக்கையாகக் கிடந்தாள். மார்பில் வந்த புற்று முதுகெலும்புக்குப் போய்விட்டது. டாக்டர் மகனிடம் இங்கிலீஷில் சொன்னார். மகன் என்னிடம் பாதிதான் சொன்னான். மீதி அவன் முகத்தில் இருந்தது.

உட்கார்ந்தால் அவளுக்கு உயிர் போகும். படுத்தால் தாங்கிக்கொள்வாள். ஒருநாள் படுத்தபடியே கேட்டாள்.

"ஏங்க, ஊருலகத்தையெல்லாம் ஏத்தி எறக்குனீக. என்னைய ஒரு நா ஏத்திருக்கீகளா?"

"நீ டிக்கெட் எடுக்கலையே" என்றேன்.

"அடேயப்பா. பொண்டாட்டிக்கும் டிக்கெட்டா? சரி, இப்ப எடுக்குறேன், ஏத்துங்க."

சிரித்தாள். சிரித்ததில் முதுகு இழுத்து முகம் சுருங்கிப்போனது. நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன்.

காரில் முடியாது. ஆம்புலன்ஸ் என்றால் பயந்துவிடுவாள், அதை ஓட்டுவதும் நானில்லை. கட்டில் வைத்த வண்டி வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் பாலைவனத்தில் கொண்டுபோய் நிறுத்திப் படுத்துக்கொள்கிறார்களே, கேரவன், அது. வாடகைக்குக் கேட்டால், விடுகிறவன் என் வயசைப் பார்த்துவிட்டுச் சாவி தரமாட்டேன் என்றான். துபாயில் விலை கேட்டால் மயக்கம் வந்தது. கடைசியில் அன்பரசன் போனில் தேடி ஓமானில், சலாலாவில், பழசு ஒன்று விற்பனைக்கு இருப்பதைக் கண்டுபிடித்தான்.

"சினிமாக்காரக வச்சிருப்பாகளே, அந்த வண்டியா?" என்றாள் நாகவள்ளி. "எனக்கா?"

எங்கள் தெருவில் சதீஷ்குமார் என்று ஒருவன் வண்டிப் பேப்பர் வேலை செய்கிறான். அன்பரசன் என்னை அவனிடம் கூட்டிப்போனான்.

"ஐயா, பணத்த பேங்க் வழியாவே அனுப்புங்க" என்றான் அவன். "வெளிநாட்டு வண்டி உள்ள வந்தா, வாங்குன வெலையில நூத்துக்கு அஞ்சு வரி கட்டணும். என்ன வெலைக்கு வாங்குனீங்கன்னு பார்டர்ல கேப்பாங்க. பேங்க் சீட்ட நீட்டுனா வாயத் தொறக்க மாட்டாங்க."

"அனுப்புன பெறகு அந்த ஓமான்காரன் போன எடுக்கலைன்னா நீ வந்து பதில் சொல்லுவியா?"

"அப்படியெல்லாம் ஆகாதுய்யா."

"ஒனக்கு இதுல கமிசன் எம்புட்டு? மொதல்ல அதச் சொல்லு."

"அப்பா!" என்றான் அன்பரசன். "அவரு நம்ம நல்லதுக்குச் சொல்றாரு."

"நல்லதுக்குச் சொல்றவன் எதுக்குடா கடை போட்டு உக்காந்திருக்கான்?"

சதீஷ்குமார் கோபப்படவில்லை, எனக்கு டீ சொன்னான். நான் குடிக்கவில்லை. வண்டியைப் பார்க்காமல் பணம் அனுப்பி நடுத்தெருவில் நின்றவர்களை நிறையப் பார்த்தவன் நான். கம்பெனியில் கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தை நோட்டாக எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மகனோடு சலாலாவுக்கு விமானம் ஏறினேன்.

வண்டிக்காரர் பெயர் மஹ்மூது. என் வயசுதான் இருக்கும். வீட்டைச் சுற்றித் தென்னை நின்றது. வண்டி ஒரு சின்ன பஸ். சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு உள்ளூர்ப் பட்டறையில் கட்டில், கேஸ் அடுப்பு, மூலையில் ஒரு கக்கூஸ் எல்லாம் வைத்திருந்தார்கள். கட்டிலை ஒட்டி நீளமாய் ஒரு ஜன்னல். அந்த ஜன்னலைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

ஆறாயிரம் ரியால் சொன்னார். அந்த வண்டிக்கு அது நியாயமான விலைதான். இந்த வயசில் உனக்கு எதற்கு இது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரபியில் சொன்னேன். வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லை, உட்கார முடியாது, படுத்துக்கொண்டுதான் வரமுடியும் என்று. அவர் கஹ்வா என்கிற அரபிக் காப்பியை எங்கள் கோப்பைகளில் ஊற்றினார்.

"மூவாயிரத்து ஐந்நூறு கொடு. கலாஸ், முடிஞ்சது" என்றார்.

நான் பேரமே பேசவில்லை. பேசாமல் ஒருத்தன் விலையைக் குறைத்தால் வண்டியில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். வெள்ளத்தில் மூழ்கின வண்டியா, எஞ்சின் மாற்றினதா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். சேஸிஸைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். மஹ்மூது குனிந்து, "ஷூஃப், ஷூஃப், நல்லாப் பாரு" என்று சிரித்துக்கொண்டே டார்ச் லைட்டை நீட்டினார். ஒன்றும் அகப்படவில்லை. எனக்குச் சந்தேகம் தீரவில்லை. பணத்தைக் கொடுத்தேன். அவர் எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டார். அது வேறு எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

விற்பனைச் சீட்டில் கொடுத்த விலையையே எழுதினோம். நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகும் வண்டிக்கு ஒரு தற்காலிக நம்பர் பிளேட் கொடுப்பார்கள். சில நாள்தான் செல்லும். அதை மாட்டிக்கொண்டு கிளம்பினோம்.

கோடு கிழித்த மாதிரி ரோடு. இரண்டு பக்கமும் மணல். அன்பரசன் பின்னால் கட்டிலில் படுத்துத் தூங்கினான். கண்ணாடியில் அவன் கால் தெரிந்தது. அந்த இடத்தில் அவளை வைத்துப் பார்த்தேன். பள்ளம் வந்தால் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தேன், அவள் முதுகு அதிராமல் ஓட்டிப் பழகுவதற்காக.

எல்லையில் கவுண்டரில் இருந்தவன் சின்ன வயசுப் பையன். மரியாதையானவன். சீட்டைப் பார்த்தான், எழுந்து வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தான், கம்ப்யூட்டரைப் பார்த்தான். மகனோடு இங்கிலீஷில் பேசினான்.

"என்னடா சொல்றான்?"

"இந்த மாதிரி வண்டி இதுல ரெண்டு பங்கு வெலை போகுமாம்ப்பா. வரியக் கொறைக்கிறதுக்காக நாம வெலையக் கொறச்சு எழுதிருக்கோம்னு நெனைக்கிறாரு. பணம் அனுப்புன பேங்க் சீட்டு கேக்குறாரு."

"கையிலதானே குடுத்தோம். சொல்லு."

சொன்னான். பையன் தலையை ஆட்டினான், நம்புகிற ஆட்டம் இல்லை அது. அன்பரசன் மஹ்மூதுக்குப் போன் போட்டுக் கொடுத்தான். அந்த மனுஷன் மறுமுனையில் அல்லாவின் மேல் சத்தியம் பண்ணுவது எனக்கே கேட்டது. "அவர் மனைவிக்காக நான்தான் குறைத்தேன், நான்தான் குறைத்தேன்" என்று கத்தினார். பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் போனைத் திருப்பித் தந்தான். என்னைப் பார்த்து அரபியில் சொன்னான்.

"பாபா, இந்த வரிசையில நிக்கிற எல்லாருக்கும் வீட்டுல ஒருத்தர் சீக்காளி இருக்காங்க."

எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். பணம் வாங்கும் இடத்தில் ஒருத்தன் இரக்கப்பட்டான் என்பதை நானே நம்பாமல்தான் வண்டிக்கு அடியில் ஊர்ந்தேன். அவன் எப்படி நம்புவான்?

"அவன் சொல்ற வெலைக்கே வரியக் கட்டித் தொலைடா. அவ காத்துக் கெடக்கா" என்றேன்.

அதுவும் உடனே முடியாதாம். பேப்பர் மேலே போய், விலை மதிப்பு ஆகி வரவேண்டுமாம். நடுவில் விடுமுறை நாட்கள். வண்டியைக் கம்பி வேலிக்குள் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அன்பரசனுக்கு ஸ்டோரில் டியூட்டி, அவன் டாக்ஸி பிடித்துப் போனான். நான் அங்கேயே ஒரு ரூமில் தங்கி, தினமும் வேலிக்கு வெளியே போய் நின்று வண்டியைப் பார்த்துவிட்டு வருவேன். மருமகள் விஜி போன் பண்ணுவாள்.

"மாமா, அத்தை சாப்பாடே எறக்க மாட்டேங்குறாங்க. வண்டி வந்துருச்சா வந்துருச்சான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. என்ன சொல்ல?"

"வந்துக்கிட்டே இருக்குன்னு சொல்லுத்தா."

மதிப்பு வந்தது. ஆறாயிரத்துக்கும் மேலே போட்டிருந்தார்கள். நாங்கள் கொடுக்காத விலைக்கு வரி கட்டினோம். ரசீது கையில் வந்தபோது தற்காலிக நம்பரின் நாள் முடிந்துவிட்டிருந்தது. இந்த வண்டி இனி ரோட்டில் ஓடக்கூடாது என்றான் வாசலில் நின்றவன். ரிகவரி லாரியை வரவழைத்து அதன் முதுகில் ஏற்றினோம். நான் கிளீனர் சீட்டில் உட்கார்ந்து அல் குசைஸ் வந்து சேர்ந்தேன்.

ஃபிளாட்டுக்குப் பின்னால் மண் கிரவுண்டில் இறக்கினோம். துபாய் நம்பர் வாங்க முதலில் பாசிங் என்கிற வண்டிச் சோதனை ஆகவேண்டும். கட்டிலும் கேஸ் அடுப்பும் வண்டி செய்த கம்பெனி வைத்தது இல்லை, பட்டறையில் வைத்தது, அதற்குத் தனி அனுமதி வேண்டும், சில வாரங்கள் ஆகும் என்றார்கள். அந்த வாரம்தான் டாக்டர் அவளுக்குத் தோளில் ஒட்டுகிற வலி மருந்து கொடுத்து, இனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவர வேண்டாம் என்றார்.

"நம்பர் கெடக்குதுடா" என்றேன் மகனிடம். "வெள்ளிக்கெழம விடியக்காலம் ஒரே ஒரு சுத்து. கடலக் காட்டிட்டுத் திரும்பிருவேன்."

"அப்பா, வண்டி எம்பேருல இருக்கு. இன்சூரன்ஸ் இல்ல. புடிச்சா எனக்கு வேலை போயிரும், எல்லாரோட விசாவும் போயிரும். அப்பறம் அம்மாவ எங்கப்பா வச்சிப் பாக்குறது?"

கண்ணைத் துடைத்தான். நாற்பது வயசுப் பிள்ளை. வெள்ளிக்கிழமைப் பயணத்தை விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வெயில் தணிந்தபின் அவளைக் கீழே கொண்டுவந்தோம். அன்பரசன் கையில் ஏந்திக்கொண்டான். விஜி தலையணையோடு பின்னால் வந்தாள். கட்டிலில் படுக்கவைத்ததும் நாகவள்ளி மேலே, பக்கத்தில், காலடியில் எல்லாம் பார்த்தாள். கையால் மெத்தையைத் தடவினாள்.

"நல்ல வண்டி" என்றாள். "நீங்க போயி உக்காருங்க. நேரமாகுதுல்ல?"

மகனும் மருமகளும் என்னைப் பார்த்தார்கள். இன்றைக்கு ஓடாது, பார்க்கத்தான் கூட்டிவந்தோம் என்று சொல்வதாகத்தான் இருந்தேன். சொல்ல வாய் வரவில்லை. அவர்கள் இறங்கிக்கொண்டார்கள். நான் டிரைவர் சீட்டில் ஏறி எஞ்சினைப் போட்டேன். டீசல் எஞ்சின், வண்டி முழுக்க உதறியது.

"கெளம்பிட்டமா?" என்றாள் பின்னாலிருந்து.

"கெளம்பியாச்சு."

கிளட்சை மிதித்துக்கொண்டு கியரைப் போட்டேன். மாற்றினேன். ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஆட்டினேன். "இப்ப பெரிய ரோட்டுல ஏறிட்டோம்" என்றேன். "லாரியா வருது, ஒதுங்கிப் போறேன்." அவள் ம் என்றாள். "மணல் வந்திருச்சு. ஒட்டகம் நிக்கிது, நாலஞ்சு." அதற்கும் ம். "தூரத்துல மல தெரியுது. செவப்பு மல, ஒரு புல்லு கெடையாது."

கொஞ்ச நேரம் கழித்து அவள் சொன்னாள்.

"ஏங்க, அந்த லாண்டரிக்காரனும் நம்ம கூடவே வாரான் போலருக்கு."

நான் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலுக்கு நேரே எதிர்வரிசையில் லாண்டரிக் கடை. ஒருத்தன் சட்டைகளைக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தான். என் கை கியரிலேயே நின்றுவிட்டது.

"தெரியுமா ஒனக்கு?"

"ஏறுனதுமே தெரியும். ஓடுற வண்டிக்கும் நிக்கிற வண்டிக்கும் வித்தியாசம் தெரியாமயா இருப்பேன்?"

"நம்பர் கெடைக்கல, வள்ளி. நாங் குடுத்த வெலைய எவனும் நம்பல."

"நீங்க எவன நம்புனீக, ஒங்கள ஒருத்தன் நம்புறதுக்கு?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "விடுங்க. அத எதுக்கு இப்ப பேசிக்கிட்டு. நல்லாத்தானே ஓட்டிட்டு வந்தீக. ஓட்டுங்க. மலைக்கு அங்கிட்டு என்ன இருக்கு?"

 முன்கண்ணாடியில் மண் கிரவுண்டும் குப்பைத் தொட்டியும்தான் தெரிந்தன. கியரை மாற்றினேன். மலைக்கு அங்கிட்டு யான்பு ரோடு என்றேன். ஊர் வேறு, நாடு வேறு, ஆனாலும் அந்த ரோடுதான் வாயில் வந்தது. டேங்கரை நிறுத்தி நான் சோறு பொங்கிய இடத்தைச் சொன்னேன். டயர் வெடித்து ஒரு பகல் முழுக்க வண்டி நிழலில் படுத்துக் கிடந்த இடத்தைச் சொன்னேன். அவளுக்குப் போன் போட வரிசையில் நிற்கிற பூத்தைச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ம் போட்டாள். ம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

"கடல் வந்திருச்சு" என்றேன்.

"எங்க? நிறுத்துங்க, பாப்போம்."

பிரேக்கை மிதித்தேன். கைப்பிரேக்கையும் இழுத்துவிட்டு எழுந்து பின்னால் போனேன். அவள் தலைமாட்டில் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. லாண்டரிக்காரன் சட்டைகளை மாட்டி முடித்துவிட்டு வெள்ளைத் துணி ஒன்றை விரித்து உதறினான்.

"எம்மாந் தண்ணி!" என்றாள் நாகவள்ளி.

"ஆமா" என்றேன்.