ஆள் எண்ணும் பெட்டி

எங்கள் ஊரில் ஓட்டப் பயிற்சிக்குப் போகிறவனுக்கு இரண்டே வழிதான். ஒன்று, ஆற்றுப் பள்ளத்தாக்கு. இறங்கும்போது முழங்கால் போகும், ஏறும்போது உயிர் போகும். இன்னொன்று, கால்வாய்க் கரை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் புல், நடுவில் தட்டையான மண் பாதை. பள்ளத்தாக்கில் ஓடும் சூரர்கள் எங்களைப் பார்த்தால் ஒரு மாதிரி சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நான் பதக்கம் வாங்க ஓடவில்லை. என் மகளோடு பேசுவதற்காக ஓடுகிறேன்.

அவள் பத்தாம் வகுப்பு. வீட்டில் அவளிடமிருந்து எனக்குக் கிடைப்பது ஒரே பதில். "சாப்பிட்டியா?" என்றால் "ம்." "ஸ்கூல் எப்படி இருந்தது?" என்றாலும் "ம்." கதவு சாத்துகிற சத்தத்தை வைத்துத்தான் அன்றைக்குக் கோபமா, சோகமா, பசியா என்று கண்டுபிடிக்க வேண்டும். அதே பெண்ணைக் கால்வாய்க் கரையில் பக்கத்தில் ஓடவிட்டால் கொட்டித் தீர்த்துவிடுவாள். யாரோடு சண்டை, யாரோடு சமாதானம், எந்த டீச்சருக்கு யாரைப் பிடிக்காது, எல்லாம் வரும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ. பள்ளத்தாக்கில் இது நடக்காது. முதல் ஏற்றத்திலேயே அவள் பறந்துவிடுவாள். நான் அவள் ஷூவின் அடிப்பாகத்தைப் பார்த்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பேன்.

அப்படியிருக்க, ஒரு நாள் கால்வாய்க் கரை கேட்டில் ஒரு சாம்பல் நிறப் பெட்டியை மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் அறிவிப்பு. கரையைப் பராமரிக்கச் செலவு அதிகமாம், ஆள் நடமாட்டம் குறைவாம். இந்தப் பெட்டி போகிற வருகிற ஆட்களை எண்ணுமாம். எண்ணிக்கை போதவில்லை என்றால் பாதையை மூடிவிடுவார்களாம்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. பாதையை மூடினால் என் மகள் குரலை நான் இனி அவள் கல்யாணத்தில்தான் கேட்பேன். கடையில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடிக்குத் திருகு மாட்டிக்கொண்டே யோசித்தேன். கண்ணாடிக் கடைக்காரன் மூளை எப்போதும் கொஞ்சம் குறுக்கே போகும். பெட்டிக்கு எண்ணத்தான் தெரியும், ஆளை அடையாளம் தெரியாது. அது போதாதா?

இதற்கு ஒரு கூட்டாளி வேண்டும். சகலையிடம் போனேன்.

என் சகலை, அதாவது என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். தொப்பையைக் குறைக்கச் சொல்லி அவர் வீட்டம்மா துரத்துவதால் அவரும் எங்களோடு ஓட வருவார். திரும்புவதற்கு முன் கையை நீட்டி சிக்னல் காட்டுவார். நிற்பதற்கு முன் பின்னால் ஒருமுறை பார்ப்பார். அவர் கூட வருகிற நாட்களில் மட்டும் என் மகள் வாயைத் திறக்க மாட்டாள். அது ஒன்றுதான் அவரிடம் குறை.

"சகலை, கேட்டைத் தாண்டிப் போறோம், திரும்பி வர்றோம், மறுபடி போறோம். அவ்வளவுதான்" என்றேன்.

"இது மோசடி இல்லையா?"

"நடக்கறதுதானே? நாம நிஜமாத்தானே நடக்கறோம்?"

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. அதோடு நிற்காமல், மறுநாளிலிருந்து தன்னிடம் கார் பழக வருகிற அத்தனை பேரையும் முதலில் கேட்டுக்கு அனுப்பிவிட்டார். "ரோட்ல நடக்கறவன் கஷ்டம் தெரிஞ்சாதான் நல்ல டிரைவர் ஆக முடியும். போயிட்டு வாங்க, நாலு தடவை." அவர்களும் பயபக்தியோடு போய் வந்தார்கள். நான் பக்கத்து வீட்டு நாயை இரவல் வாங்கினேன். பெட்டி நாயையும் எண்ணுமா என்று தெரியவில்லை, ஆனாலும் எதற்கு விடவேண்டும்? என் மனைவி மட்டும் வர மறுத்துவிட்டாள். "ரெண்டு சகலைகளும் சேர்ந்தா உருப்பட்ட மாதிரிதான்" என்பதோடு தன் பங்கை முடித்துக்கொண்டாள்.

கோடை முடிந்ததும் நூலக ஹாலில் கூட்டம் போட்டார்கள். கால்வாய் ஆபீசிலிருந்து என்ஜினியரம்மா வந்திருந்தார். முகமெல்லாம் பூரிப்பு. நான் சகலையின் தொடையைக் கிள்ளினேன். ஜெயித்துவிட்டோம்.

"இந்த ஊர்ல இவ்வளவு நடமாட்டம் இருக்கும்னு நாங்க கனவுலகூட நினைக்கல" என்றார் என்ஜினியரம்மா. "இத்தனை பேர் போற இடத்துல மண் பாதை வெச்சிருக்கறது எங்களுக்கே அவமானம். அதனால, தார் ரோடு போடப் போறோம். ரெண்டு வண்டி எதிரெதிரே தாராளமாப் போகலாம்."

ஹாலே கை தட்டியது. எல்லோருக்கும் முன்னால் தட்டியது சகலைதான். தொழில் புத்தி. என் முகத்தைப் பார்த்ததும் கையைத் தொப்பைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. லாரி ஹாரன் அடிக்கிற ரோட்டில் எந்தப் பெண் அப்பாவிடம் மனம் விட்டுப் பேசுவாள்? என்னை அறியாமல் எழுந்துவிட்டேன்.

"மேடம், அது அத்தனை பேர் இல்ல. நாங்கதான். நான், என் பொண்ணு, இவர், இவர்கிட்ட கார் கத்துக்கறவங்க. அப்புறம் ஒரு நாய்."

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. என்ஜினியரம்மா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு சகலையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். நடுவில் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"நீங்க? இவ்வளவு தடவையா? ரோடு வேணாம்னா நேரா சொல்லுங்க சார், கதை விடாதீங்க."

"சத்தியமா மேடம்."

"அப்போ ஓடிக் காட்டுங்க. ஞாயித்துக்கிழமை நான் வந்து உக்கார்றேன். பெட்டி காட்டற ஒரு நாள் கணக்கை நீங்களே ஓடிக் கொண்டு வந்துட்டா நம்பறேன்."

சொன்னபடியே வந்தார். மடக்கு நாற்காலி, குடை, பிளாஸ்க், வாரப்பத்திரிகை சகிதம் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். கார் பழகுகிறவர்களில் ஒருவரும் வரவில்லை; ரோடு வந்தால் அவர்களுக்கு நல்லதுதானே? நாய் பாதையின் குறுக்கே படுத்துக்கொண்டது. ஆக நாங்கள் மூன்று பேர்.

கேட்டைத் தாண்டுவது, வளைவு வரை ஓடுவது, திரும்புவது. காலை முழுக்க மூவரும் வாய் திறக்காமல் ஓடினோம். வெயில் ஏற ஏற சகலை பழுத்த தக்காளி ஆனார். கடைசியில் இடது கையை நீட்டி, முறையாக ஓரம் கட்டி, புல்லில் சாய்ந்துவிட்டார்.

"என்னால ஆகாது சகலை. இன்ஜின் சீஸ் ஆயிடுச்சு."

நானும் மகளும் ஓடினோம். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. எனக்கு நாக்கு வெளியே தள்ளிவிட்டது. சரி, விழுந்துவிடலாம் என்று நல்ல புல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் குரல் கேட்டது.

"அப்பா, ஒண்ணு சொன்னா கத்தக் கூடாது."

"கத்த மூச்சு எங்கம்மா இருக்கு? சொல்லு."

கேட்டைத் தாண்டித் திரும்பும் வரை காத்திருந்தாள்.

"எனக்கு கிளாஸ்ல போர்டு தெரியல."

"எப்போலேருந்து?"

"போன வருஷத்துலேருந்து. பக்கத்துல இருக்கறவளைப் பாத்துதான் எழுதறேன்."

"நான்தானே உன் கண்ணை டெஸ்ட் பண்ணேன்? கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சியே!"

"உங்க கடையில இருக்கற எழுத்து அட்டையை நான் சின்ன வயசுலேருந்து பாக்கறேன்ப்பா. தலைகீழாக்கூட சொல்லுவேன். வர்றவங்க கிட்டல்லாம் 'என் பொண்ணு கண்ணு கழுகுக் கண்ணு'ன்னு சொல்லிட்டே இருக்கீங்க. எப்படி வந்து சொல்றது?"

ஊர் முழுக்கக் கண்ணாடி மாட்டுகிறவன் நான். என் வீட்டுப் பிள்ளை ஒரு வருஷமாக எதிரே இருப்பது தெரியாமல் தடுமாறியிருக்கிறாள். அவளைத் திட்டவா முடியும்? திட்ட வேண்டிய ஆள் வேறு. அவனுக்கு ஏற்கனவே மூச்சு முட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்குக் காலைல முதல் வேலை அதுதான். வேற அட்டை எடுத்து வெக்கறேன்" என்றேன். "உனக்குப் பிடிச்ச ஃப்ரேமை நீயே எடுத்துக்கோ. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

"சொல்லுவீங்க."

"கொஞ்சமா சொல்லுவேன்."

அவள் சிரித்தாள். மூன்று பேர் ஓட வேண்டிய கணக்கை இரண்டு பேராக எத்தனை சுற்றில் முடித்தோம் என்று எனக்குத் தெரியாது. கால் என்னுடையதாகவே இல்லை.

நிழல் நீண்டபோது என்ஜினியரம்மா நாற்காலியை மடக்கிக்கொண்டு எழுந்தார்.

"போதும் சார், போதும்! நம்பிட்டேன். ரோடு வராது. பாதையும் இப்படியே இருக்கட்டும். மூடினா நீங்க ரெண்டு பேரும் என் ஆபீஸ் வராண்டால வந்து ஓடுவீங்க. வந்து உக்காருங்க, தண்ணி குடிங்க."

அவர் எடுத்துக் காட்டிய தண்ணீர் பாட்டிலை நோக்கிக் கையை நீட்டினேன். என் மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, இன்னொரு விஷயம் இருக்கு."

"உக்காந்து சொல்லேன்மா."

"உக்காந்தா சொல்ல வராது."

கணக்கும் முடிந்திருந்தது, காலும் முடிந்திருந்தது. கேட் பக்கம் திரும்பினேன்.