இடுப்பளவு மேடை

மீன் இன்ஸ்பெக்டரம்மா அன்று காலையிலிருந்தே உள்ளுக்கும் வாசலுக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தாள். மாநகராட்சி கட்டிய புது மீன் அங்காடியில் மின்விசிறி சுற்றியது, குழாயில் தண்ணீர் கொட்டியது, வெள்ளைக் கல் பதித்த இடுப்பளவு மேடைகள் பளபளத்தன. விற்கத்தான் ஆள் இல்லை. மீன்காரிகள் அத்தனை பேரும் வாசலுக்கு வெளியே, மண்டை பிளக்கும் வெயிலில், தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஆணையர் பார்வையிட வருகிறார். அங்காடி காலியாகக் கிடந்தால் வண்டி நிறுத்தக் குத்தகைக்கு விட்டுவிடுவேன் என்று சொல்லியிருந்தார். குத்தகைக்காரரோ அதற்குள் வந்து டேப்பைப் பிடித்துச் சுவரை அளந்துகொண்டிருந்தார். பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைத்த கதைதான்!

மீன்காரிகளுக்குத் தலைவி 'வெடி'. வாயைத் திறந்தால் வெடிக்கும் என்று துறைமுகமே வைத்த பெயர். இன்ஸ்பெக்டரம்மாவைப் பெற்றவளும் அவள்தான். குனிந்து குனிந்து அம்மாவின் இடுப்பே போயிற்றே என்று, பொறியாளரோடு மல்லுக்கட்டி மகள் போட வைத்த மேடை அது. அந்த அம்மாவே உள்ளே வர மாட்டேன் என்றால் யாரிடம் போய் அழுவது?

"ஏம்மா, உனக்கு நான் என்ன குறை வச்சேன்? உள்ள வந்து நின்னு வித்தா கொறஞ்சா போயிடுவே?"

"நின்னுக்கிட்டா?" வெடி சிரித்தாள். தன் அரிவாள்மணையையும் ஒரு மீனையும் எடுத்து நீட்டினாள். "எங்கே, நீ நின்னுக்கிட்டு அறுத்துக் காட்டு, பார்ப்போம்."

இன்ஸ்பெக்டரம்மா வீம்புக்கு உள்ளே போய் மணையை மேடைமேல் வைத்து மீனை அழுத்தினாள். மணை சர்ரென்று வழுக்கிக்கொண்டு ஓடியது. காலால் மிதித்துப் பிடிக்க வேண்டிய சாமான் அது. இடுப்பு உயரத்துக்குக் காலை எப்படித் தூக்குவது? மீன்காரி மகளுக்கு இது தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? 'உன் கையில மீன் வாடையே வரக் கூடாது, போய்ப் படி' என்று அம்மா அவளை மணைப் பக்கமே விட்டதில்லையே.

பின்னாலேயே வந்து நின்ற அம்மாவிடம், "முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றாள்.

"அம்மாவுக்கு மேடை, அம்மாவுக்கு மேடைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சே. அது தப்புடின்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

வெடிக்கே வாய் வரவில்லையாம்! மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அழ நேரமில்லை. ஆணையரின் கார் தெருமுனையில் திரும்பிவிட்டது.

"போச்சு, எல்லாம் போச்சு" என்று தலையில் கை வைத்தாள்.

"சும்மா இருடி" என்ற வெடி, வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "கூடையைத் தூக்கிக்கிட்டு எல்லாரும் உள்ள வாங்கடி! ஏறுங்க மேல!"

ஆணையர் நுழைந்தபோது அங்காடி நிறைந்திருந்தது. ஆனால் மேடைக்குப் பின்னால் ஒருத்தியும் நிற்கவில்லை. மேடைமேலேயே சாக்கை விரித்து, மணையை மிதித்துக்கொண்டு, மகாராணிகள் மாதிரி வீற்றிருந்தார்கள்.

"என்னம்மா கூத்து இது? மேடைமேலயா உக்கார்றது?"

இன்ஸ்பெக்டரம்மா முன்னால் வந்தாள். வருவது வரட்டும் என்று துணிந்தாள். "சார், மீன் தரையில படக் கூடாது, அதுதான் விதி. படலை சார். விக்கிறவங்க எங்க உக்காரணும்னு விதியில ஒண்ணும் இல்லை."

ஆணையர் அவளைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, மேலே இருந்த வெடியிடம், "பாட்டி, இது இன்னைக்குப் பிடிச்ச மீனா?" என்று கேட்டார்.

"பாட்டியா? அக்கான்னு சொல்லுங்க, நல்லதா பார்த்துத் தர்றேன்!"

அங்காடியே சிரித்தது. ஆணையரும் சிரித்து, மீன் வாங்கிக்கொண்டு போனார். குத்தகைக்காரர் டேப்பைச் சுருட்டினார்.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் மகள் மேடையருகே வந்தாள். "அம்மா, என்னை மன்னிச்சிடு. மேடையை இடிச்சு, தாழ்வா கட்டச் சொல்றேன்."

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்" என்றாள் வெடி. "இத்தனை வருஷமா மீன் வாங்க வந்தவன் எல்லாம் என்னைக் கீழே பார்த்துதான் பேசினான். இன்னைக்குத்தான்டி அண்ணாந்து பார்க்கிறாங்க. ஏறத்தான் முட்டி வலிக்குது. ஒரு படி மட்டும் வச்சுக் குடு."