இரண்டு முனையும் ஒரே பெட்டியில்

ஒரே வீட்டு மருமகள்கள் இரண்டு பேர் ஒரே ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்தால் அந்த வீடு என்ன ஆகும்? மூன்று மாதமாக அடுப்படியிலும் நெட்வொர்க் பேச்சுதான். இருப்பதோ ஒரே ஒரு நிரந்தர வேலை. அது யாருக்கு என்று மேனேஜர் இன்று மாலை சொல்வார்.

சின்னவளுக்குச் சந்தேகமே இல்லை. பரீட்சையில் அவள்தான் முதல். பெரியவளோ எதையும் மூன்று முறை நோட்டில் எழுதிப் பார்த்தால்தான் நம்புவாள். "அக்கா ஒரு கம்ப்யூட்டருக்கு முகவரி போட்டு முடிக்கிறதுக்குள்ள நமக்கெல்லாம் நரைச்சிடும்" என்று சின்னவள் வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைத்ததுண்டு.

இன்று காலை மூன்றாம் மாடியில் கேபிள்களை அழகாக அடுக்கிக் கட்டிவிட்டுச் சின்னவள் கீழே இறங்கி வருவதற்குள் ஆஸ்பத்திரி ஸ்தம்பித்துவிட்டது. ரத்தப் பரிசோதனை முடிவு எதுவும் வார்டுக்குப் போகவில்லை. சீட்டு வாங்கும் வரிசை வாசலைத் தாண்டியது.

"சர்வர்தான் சார் போயிடுச்சு" என்று சின்னவள் மேனேஜரிடம் அடித்துச் சொன்னாள். சர்வரை அணைத்துப் போட்டார்கள். ம்ஹூம், ஒன்றும் நடக்கவில்லை.

"முதல்ல விளக்கைப் பார்த்துடலாமே" என்றாள் பெரியவள்.

எல்லா மாடிக் கேபிள்களும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியில் விளக்குகள் விட்டுவிட்டுத்தான் மின்ன வேண்டும். இப்போது எல்லாம் ஒன்றாக, வெறி பிடித்த மாதிரி மின்னின. "எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரேயடியா கத்துது சார். ஏதோ ஒரு செய்தி போக வழியில்லாம சுத்திச் சுத்தி வருது" என்றாள் பெரியவள்.

ஒவ்வொரு மாடியின் இணைப்பாகப் பிடுங்கினாள். பிடுங்கும்போதெல்லாம் சர்வருக்கு ஒரு பிங் அனுப்பி, 'இருக்கிறாயா?' என்று கேட்டு, பதில் வந்ததா என்று நோட்டில் குறித்தாள். மேனேஜர் குதித்தார், அவள் காதிலேயே வாங்கவில்லை. மூன்றாம் மாடியைப் பிடுங்கியதும் பதில் வந்தது.

மேலே போய் ஒவ்வொரு கேபிளையும் விரலால் தடவிக்கொண்டே போனாள் பெரியவள். ஒன்றின் இரண்டு முனையும் அந்த மாடி ஸ்விட்ச் பெட்டி ஒன்றிலேயே செருகியிருந்தது. ஒரு முனையை உருவினாள். பிடுங்கியதையெல்லாம் மறுபடி செருகியதும் கீழே வரிசை நகர ஆரம்பித்தது.

தொங்கிய முனை அசிங்கமாக இருக்கிறதே என்று காலித் துளையில் செருகியவள் சின்னவளேதான். பெரியவளிடம்தான் காலையில் அந்த மாடிக் கேபிள் அறையின் சாவியை வாங்கிப் போயிருந்தாள்.

"யார் பார்த்த வேலை இது?" என்று சீறினார் மேனேஜர்.

பெரியவள் நோட்டை மூடினாள். "எடுத்தாச்சு சார். இனிமே காலித் துளைக்கெல்லாம் மூடி போட்டுடலாம்."

அவ்வளவுதான் சொன்னாள். என்ன மனுஷி இவள்! ஏழு வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவளையா மந்தம் என்று நினைத்தோம் என்று சின்னவளுக்கு வெட்கமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், வேலை தனக்குத்தான்.

"நான்தான் சார் செருகினேன். அக்காவுக்கும் தெரியும், என்னைக் காட்டிக் கொடுக்கல."

மேனேஜர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சாயங்காலம் வரைக்கும் எதுக்கு?" என்று பெரியவள் பக்கம் திரும்பினார். "நாளைலேருந்து இது உங்க இடம்மா."

அவர் போனதும் பெரியவள் கண் கலங்கியது. "ஏன்டி சொன்ன? நான்தான் மறைச்சேனே."

"நீங்க மறைச்சதாலதான்க்கா சொன்னேன்" என்றாள் சின்னவள்.