இருபத்து நாலாவது விதை

1

இந்தக் கதை ஓர் அவரை விதையிலிருந்து வந்தது. இதைவிடப் பெரிதாக ஏதாவது சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் மூலம் அவ்வளவுதான். முதல் வரியை மட்டும் பலவிதமாக எழுதிப் பார்த்தேன்.

[வானம் முன்போல இல்லை என்று எல்லோரும் பேசத் தொடங்கிய காலம் அது —] மாநாட்டில் வாசிக்கிற கட்டுரை மாதிரி இருக்கிறது. வேண்டாம்.

[பச்சைப் பசேலென்ற வயல்வெளியில் —] சேச்சே.

சரி, சுற்றி வளைக்காமல் வருகிறேன். ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையம். அங்கே ஓர் அதிகாரி. அறைக்குள்கூடத் தொப்பியைக் கழற்ற மாட்டார் என்பதால் தொப்பி சார். அவருக்குக் கீழே ஓர் எழுத்தர். அப்புறம் அரை ஏக்கர் மேட்டு நிலத்தைப் புருஷனோடு சேர்ந்து உழுது பிழைக்கும் மேட்டு வயல் அக்கா. கதைக்கு இவர்கள் போதும்.

2

தொப்பி சாருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. நல்ல கிறுக்கு. மழை நினைத்தபோது வருகிறது, காற்று தலைகால் தெரியாமல் அடிக்கிறது. இதையெல்லாம் தாங்குகிற நெல்லை நாற்காலியில் உட்கார்ந்து தேர்ந்தெடுக்க முடியாது, வயலில் நிற்பவர்களைத்தான் கேட்க வேண்டும் என்பார். எட்டுப் பாத்திகளில் எட்டு ரகம் நட்டார். கதிர் முற்றியதும் சிறு விவசாயிகள் இருபத்து நாலு பேரை வரவழைத்தார்.

“இவ்வளவு நாள் நாங்க சொன்னோம், நீங்க கேட்டீங்க. இன்னிக்கு நீங்க சொல்லுங்க, நாங்க கேக்கறோம்.”

“நிஜமாவே கேப்பீங்களா சார்?” என்றார் மேட்டு வயல் அக்கா. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“கேக்காம? எழுதிக்கறதுக்கு ஆளே வச்சிருக்கேனே!” என்று எழுத்தரைக் காட்டினார்.

ஒவ்வொரு பாத்திக்கு முன்னாலும் குச்சியில் ஒரு தாள் பை. ஆளுக்கு ஓர் அவரை விதை. பிடித்த பாத்தியின் பையில் போட வேண்டும். அதிக விதை விழுந்த ரகம் எல்லோருக்கும் அடுத்த விதைப்புக்குக் கிடைக்கும். மற்ற ஏழும் அத்தோடு சரி.

(இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுகொள்கிறேன். அந்தப் பகலை நினைத்தால் இன்னும் நெஞ்சு நிறைகிறது. வரப்பில் வரிசையாகக் கழற்றிப்போட்ட செருப்புகள். விதையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் போகிறவர்கள்போல நடந்த பெரிய மனிதர்கள். “என்னைக் கேட்டாங்கடா!” என்று ஒருவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அப்படிச் சந்தோஷமான அலுவலக நாள் அப்புறம் எனக்கு வாய்க்கவில்லை.)

மூன்றாம் பாத்தியில் கதிர் கனத்துத் தொங்கியது. ஏழாம் பாத்தி குட்டை, கதிரும் சுமார்தான்.

“நான் போடறதுலயே நீயும் போடு” என்றார் அக்காவின் வீட்டுக்காரர்.

“உங்க கை உங்களுக்கு, என் கை எனக்கு” என்றார் அக்கா.

எழுத்தர் பைகளை அறைக்குள் எடுத்துப்போய்த் தனியாகப் பிரித்து எண்ணினார். மூன்றில் இருபத்து மூன்று. ஏழில் ஒன்று. யாரோ தவறிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, அந்த ஒன்றை எடுத்து மூன்றோடு சேர்த்தார். தொப்பி சாருக்கு வாயெல்லாம் பல். “ஒருமனதா முடிவாயிருக்கு!” முடிவுத்தாளில் சீல் குத்தி வீட்டுக்கொரு நகல் கொடுத்தார்.

3

மேலே இரண்டு பொய் இருக்கிறது. அடித்துவிட மனம் வரவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

முதல் பொய், அந்த எழுத்தர் வேறு யாரோ என்பதுபோல எழுதியது. நான்தான். ‘எழுத்தர்’ என்று எழுதுவது சுலபமாக இருந்தது.

இரண்டாவது, ‘தவறி’ என்ற சொல். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அக்கா மூன்றாம் பாத்தியில் ஒரு தண்டை வளைத்து விட்டார். அது மெதுவாக எழுந்தது. ஏழில் வளைத்து விட்டார். அது வெடுக்கென்று நிமிர்ந்தது. மறுபடி ஒருமுறை வளைத்துப் பார்த்துவிட்டுத்தான் விதையைப் போட்டார். மாற்றுக் கருத்து ஒன்று இருந்தாலும் அந்த ஆளைக் கூப்பிட்டு, காரணம் கேட்டு, அரைப் பக்கம் எழுத வேண்டும் என்பது தொப்பி சாரின் விதி. எனக்கு நாலரை மணிக்கு பஸ். அவ்வளவுதான் காரணம். வேறு எதுவும் இல்லை.

4

மூன்றாம் ரகம் இரண்டு வருஷம் நன்றாகவே விளைந்தது. மூன்றாம் வருஷம் அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது காற்றும் மழையும் சேர்ந்து வந்தன. அன்று வந்த எல்லோர் வயலும் பாய் விரித்ததுபோலப் படுத்துவிட்டது. சாய்ந்த கதிர் தண்ணீரிலேயே முளைத்தது.

[மேட்டு வயலில் மட்டும் ஏழாம் ரகம் நிமிர்ந்து நின்றது —]

உங்களுக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஏழாம் ரகம் எங்குமே விதைக்கப்படவில்லை. அது அந்தக் காற்றைத் தாங்கியிருக்குமா? தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அன்றைக்கு ஒரு விதையை இடம் மாற்றினேன். இன்றைக்குக் கதைக்காக ஒரு வயலையே மாற்றச் சொல்லாதீர்கள்.

5

போன மாதம் அக்காவைத் தேடிப் போனேன். பதினெட்டு வருஷம் கழித்து.

“அட, எழுதற தம்பி! உள்ள வாங்க. முடியெல்லாம் எங்க போச்சு?”

தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுச் சொன்னேன். ஒரேயடியாக, மூச்சு விடாமல்.

அக்கா சொம்பை வாங்கிக் கீழே வைத்தார்.

“அப்போ நான் ஏழுலதான் போட்டேனா?”

“ஆமாங்கா.”

“பயிர் படுத்த நாள்லேர்ந்து இந்த மனுஷன், ‘நீயும்தானே மூணுல போட்ட’ன்னு வாயை அடைக்கறாரு. இல்லைங்க, ஏழுலன்னு அன்னிக்கே சொன்னேன், அப்புறமும் எத்தனையோ தடவ சொன்னேன். தாளைக் காட்டுவாரு. சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, தம்பி. என் கைதான் தடுமாறிடுச்சோன்னு. அதுக்கப்புறம் எந்தக் கூட்டத்துலயும் நான் வாயே தெறக்கல.”

எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை.

“இருங்க. அவரு வரட்டும். அவர்கிட்டயே சொல்லுங்க.”

வீட்டுக்காரர் வந்தார். மறுபடி முழுவதும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“சார் இப்ப கதை எழுதறீங்களாமே? நல்லா எழுதறீங்க.” டிரங்குப் பெட்டியைத் திறந்து தாளை எடுத்து வந்தார். “இதுல பாருங்க. சீல் இருக்கு.”

நான் அன்று எழுதிய பொய்க்குச் சீல் இருந்தது. இன்று சொல்கிற உண்மைக்குக் கதைக்காரன் என்ற பட்டம்தான் இருந்தது. ஐயோ, இப்படியா மாட்டுவேன்!

அக்கா என் சட்டைப்பையைக் காட்டினார். “பேனா இருக்குல்ல? அந்தத் தாள்லயே எழுதிக் குடுங்க.”

மூன்றுக்கு நேரே இருந்த 24-ஐ அடித்து 23 என்று எழுதினேன். ஏழுக்கு நேரே 1. பக்கத்தில் என் கையெழுத்து, திருத்திய தேதி. வீட்டுக்காரர் தாளைக் கை நீட்டிப் பிடித்துப் படித்தார். இம்முறை சிரிக்கவில்லை.

“இத்தனை வருஷம் கழிச்சுத் திருத்தினா செல்லுமா?”

[“செல்லும்” என்று நான் அழுத்தமாக —]

இல்லை. அதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை. இதைப் படிக்கிற நீங்கள் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். அவர் கேட்டது காதில் விழுந்ததல்லவா? அக்கா உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.