எலி தொட்ட கை

சோதனைத் தட்டின் குழிகளில் நீலம் பரவியதும் அவள் அமிலத்தை விட்டாள். நீலம் மஞ்சளானது. நோயாளிகளின் வரிசை மஞ்சளாகத்தான் வரும். நோயில்லாதவர்களின் வரிசை தண்ணீர்போல் இருக்க வேண்டும். அதில் இரண்டு குழிகள் அடர் மஞ்சள்.

ஒன்று அவளுடைய ரத்தம். இன்னொன்று அக்காவுடையது.

ஆய்வகத்தில் அது வழக்கம். ரத்தத்தில் ஒரு புரதம் இருப்பதை நிறத்தால் காட்டும் புது எலைசா கிட் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல உடம்புக்காரர்களின் ரத்தம் வேண்டும். வேலை செய்பவர்களே கையை நீட்டுவார்கள். ஆள் போதாவிட்டால் வீட்டிலிருந்து யாரையாவது இழுத்து வருவார்கள். அக்கா தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்து கொடுத்தாள்.

இந்தக் கிட் தேடுவது, சூலகத்துப் புற்றுக்கட்டி ரத்தத்தில் கசியவிடும் புரதம். அவள் கை தானாக அடிவயிற்றுக்குப் போனது.

எலிக்கூடத்தைக் கவனிப்பவரை எல்லோரும் பூனை என்பார்கள். அவர் தட்டைத் தூக்கிப் பார்த்தார். அவள் குழியைக் காட்டினாள்.

"பேயறைஞ்ச மாதிரி நிக்காதே. நீ எலி பிடிக்கிறவ. எனக்கும் வேற கிட்டுல இப்படித்தான் வந்துச்சு, உயில் எழுத உக்காந்துட்டேன்."

கிட்டில் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி, அந்த எதிர்ப்பொருள், எலியிலிருந்து எடுத்தது என்று விளக்கினார். வருஷக்கணக்கில் எலியிடம் கடிபட்டவர்களின் ரத்தம் அதைப் பிடித்துக்கொள்ளும். புரதமே இல்லாமல் நிறம் வரும். முதலில் கொஞ்சம் எலி சீரம், எலி ரத்தத்தின் தெளிநீர், கலந்தால் அந்தப் பிடி விட்டுவிடும், நிஜமாகவே புரதம் இருந்தால்தான் நிறம் நிற்கும், மறுபடி போட்டுப் பார் என்றார்.

இரண்டு மாதிரிகளிலும் எலி சீரம் கலந்து போட்டாள். அமிலம் விட்டாள்.

அவள் குழி தெளிந்திருந்தது. உட்கார்ந்து மூச்சு விட்டாள்.

பக்கத்தில் அக்காவின் குழி அப்படியே மஞ்சளாக இருந்தது.

ஒரு கிட்டை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது என்று அவளுக்குத் தெரியும். போனை எடுத்தாள். கேட்டு இனிப் பயனில்லை, ஆனாலும் கேட்டாள்.

"அக்கா, நீ எப்பவாவது எலியைத் தொட்டிருக்கியா?"

தையல் மிஷின் ஓசை நின்றது. அக்கா சிரித்தாள்.

"நானா? பேரைக் கேட்டாலே கட்டில்மேல ஏறிடுவேன். ஏன்டி?"

"தொட்டதே இல்லையா? சின்ன வயசுல?"

"இல்லடி. என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

அவள் தட்டை மூடி வைத்தாள்.

"கடையைப் பூட்டு அக்கா. டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம். நான் கிளம்பிட்டேன்."